கொலரில் ஒட்டிய பச்சை

நாரந்தனைப் பனங்கூடலுக்குள் அரியநாயகத்தின் பிணம் கிடந்தது.

கழுத்து நெரிபட்டிருந்தது. வெள்ளைச் சட்டைக் கொலரில் பச்சை விரல் அடையாளங்கள்...

அதே பச்சை, அயலில் பாய் இழைக்கும் நாகபூசணியின் கைகளிலும்! காலையில்தான் ஓலைக்குச் சாயம் போட்டிருந்தாள்.

"இவள் ஓடினதை என்ர கண்ணால கண்டனான்," என்றார் பரராசசிங்கம்.

செத்தவரின் கடைப் பங்காளி அவர். இந்தத் தீவுக்குச் சாயத்தூள் பக்கற் அனுப்பிய அவர்களுடைய கொழும்புக் கடை, போன ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது.

இன்ஸ்பெக்டர் பாலசிங்கம் ஜீப்பைக் காட்டினார். "ஏறும்."

புருசன் தம்பையாவின் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, மனைவியைப் பிடித்து நிறுத்தப் பெலனில்லாமல் தொங்கியது. அந்த வருசம் ஜீப்பில் ஏறினவர்கள் திரும்பி வருவது அருமை.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ."

பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி. கரம்பொன் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். கையில் கரும்பலகையில் எழுதுகிற இரண்டு வெண்கட்டி, ஒரு கிளாசில் ஸ்பிரிட்.

"பாடம் எடுக்கிற நேரமே இது, ரீச்சர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஓம். சின்னப் பாடந்தான்."

கொலரில் ஒரு துண்டை வெட்டிக் கொஞ்ச ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாயத்தில் ஒரு சொட்டை ஒரு வெண்கட்டியில் வைத்தாள். நாகபூசணியின் சாயச் சட்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு சொட்டு மற்றதில். இரண்டையும் ஸ்பிரிட்டில் நிமிர்த்தினாள்.

"ஸ்பிரிட் மேல ஏறேக்க சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒவ்வொரு வேகம். கலவையெண்டா பிரிஞ்சு நிக்கும். தனிச் சாயமெண்டா பிரியாது."

ஈரம் ஊர்ந்தது... ஊர்ந்துகொண்டே இருந்தது...

"பாடம் எடுத்தது காணும். ஏத்துங்கோ அவளை," என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பையா ஜீப்புக்குக் குறுக்கே விழுந்தான்.

"அவளை விடுங்கோ ஐயா. நான்தான் கழுத்தை நெரிச்சனான்."



பரராசசிங்கம் முன்னுக்கு வந்தார். "ஓம் ஓம், இப்பத்தான் ஞாபகம் வருது. ஓடினது தம்பையாதான்."

"முதல்ல பொம்பிளையெண்டீர்?" இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"அது... தூரத்தில..."

"ஐயா, இஞ்ச பாருங்கோ," என்றாள் ஞானசவுந்தரி.

நாகபூசணியின் வெண்கட்டியில் மஞ்சள் தனியே, நீலம் தனியே! மற்றதில் ஒரே பச்சை வளையம்!

"கடை எரிஞ்ச பிறகு தீவில பச்சைப் பக்கற் இல்லை. மஞ்சளையும் நீலத்தையும் கலந்துதான் எல்லாரும் ஓலைக்குப் போடினம். கொலரில இருக்கிறது பக்கற்றில வாற தனிப் பச்சை. எரிஞ்ச சாமான் எப்பிடியண்ணை ஊருக்கு வந்தது?"

பரராசசிங்கம் காலையிலிருந்தே கைகளில் சுற்றியிருந்த சால்வையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினார். இன்ஸ்பெக்டர் அதை உருவினார்.

பத்து விரலும் பச்சை!

பங்காளிக்கு எல்லாம் எரிந்ததென்று சொல்லிவிட்டுப் பதுக்கிய பெட்டிகள் அவர் வீட்டுக் கொட்டிலுக்குள் கிடந்தன. அன்று காலை அரியநாயகம் அதைக் கண்டுவிட்டார். இழுபறியில் ஒரு பக்கற் கிழிந்தது... பிறகு பிணம் பனங்கூடலுக்குள் போனது.

ஜீப் பரராசசிங்கத்தை ஏற்றிக்கொண்டு போனது.

நாகபூசணி புருசனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். வாயில் நக்கல்.

"மீன் வெட்டச் சொன்னாலே முகத்தைத் திருப்புற ஆள், கழுத்தை நெரிச்சவராம். அதுக்கு ஊரில சாட்சி சொல்ல வந்தது ஒரே ஒரு ஆள்... அதுவும் கொலைகாரன்."