இடது சீட்: ஆள் உண்டு

ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் வந்து, கார் வயரிங் வேலை பார்க்கும் ரியாஸ் பாய் ஷெட் எது என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் கை காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. வயரை முறுக்கி, நீல டேப் சுற்றி, முனையை உள்ளே மடித்து விடுவது என் பழக்கம். ஏற்காட்டில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. அது என் கையெழுத்து மாதிரி.

போன ஐப்பசியில் ஒரு நாள், மாலை நாலு மணி. மூடுபனி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வாழவந்தி அமுதவல்லி டீச்சர் ஒரு சாம்பல் நிறக் காரை ஓட்டி வந்தார். சேலத்தில் பழைய வண்டியாக வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறதாம். ஏர்பேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. அது எரிந்தால், மோதும்போது பை விரியும் என்று நம்ப முடியாது. போதாததற்கு, காலி இடது சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி மணி வேறு அடிக்கிறதாம். அதுவும் மலைப்பாதையில் பதினேழாவது கொண்டை ஊசி வளைவு வந்தால் நிற்காமல் அடிக்கிறதாம்.

“ஏனுங்க பாய், நாளைக்குக் காலைல பாப்பாவக் கூட்டிட்டு சேலம் எறங்கணுங்க. பின்னாடி உக்காந்தா வாந்தி எடுக்கறா. முன்னாடி உக்கார வெச்சுட்டுப் போலாங்களா?”

பாப்பா ரம்யா பக்கத்தில் நின்று சிரித்தாள். பதின்மூன்று வயது, என் மகள் அஃப்சானா வயதுதான். ஒரு மணி நேரம் கேட்டேன். இருவரும் கடைவீதிப் பக்கம் போனார்கள்.

வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினேன். இன்ஜின் பதில் சொன்னது, பிரேக் பதில் சொன்னது. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி மட்டும் ‘தொடர்பு இல்லை’. கியருக்கு அடியில் திறந்து பார்த்தால் அந்தப் பெட்டியின் எர்த் வயர் ஈரத்தில் பச்சை பூத்துக் கிடந்தது. இந்த மலையில் அது சகஜம். சுரண்டி, துடைத்து, முடுக்கினேன். பெட்டி பேசத் தொடங்கியது, ஸ்கேனர் திரையில் எழுத்து வந்தது.

இடது சீட்: ஆள் உண்டு. பெல்ட்: இல்லை.

எட்டிப் பார்த்தேன். சீட் காலி. சென்சார் கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டே சீட்டுக்கடியில் அதன் சாக்கெட்டைக் கழற்றினேன்.

இடது சீட்: ஆள் உண்டு.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. எலுமிச்சை. மலை இறங்கும்போது குமட்டாமல் இருக்க நகத்தால் கீறிக் கீறி முகர்வார்களே, அந்தப் பச்சை வாசனை. சீட்டுக்கடியில் ஒரு பழம் கிடந்தது. டீச்சர் வண்டிக்குப் பூஜை போட்டபோது உருண்ட பழம் என்று நினைத்து எடுத்தேன்.

தோலெல்லாம் நகக் கீறல். கீறல்கள் ஈரமாக இருந்தன.

அசட்டுத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஏர்பேக்கின் மஞ்சள் வயரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

டிங்.

பேட்டரி என் காலடியில் இருந்தது.

டிங்.

இடது டாஷ்போர்டைக் கழற்றினேன். மஞ்சள் சாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் நீல டேப். முனை உள்ளே மடித்திருந்தது.

யா அல்லாஹ்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். நாளைக்கு விற்க வேண்டும், விளக்கை மட்டும் அணைத்துக் கொடு என்றார். பைக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினேன். பை இருப்பதாகப் பெட்டி ஏமாந்துவிடும். விளக்கு அணைந்தது. நாலு மாதம் கழித்து, கொட்டச்சேடு எஸ்டேட் நர்ஸ் செல்வமேரி பதினேழாவது வளைவில் இறந்துபோனாள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டிரைவர் பக்கம் பை விரிந்ததாம், இடது பக்கம் விரியவில்லையாம். கையில் எலுமிச்சம்பழம் இருந்ததாம். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். அதே வண்டிதான், வெள்ளைக்கு மேல் சாம்பல் பெயிண்ட் பூசிக்கொண்டு இப்போது என் ஷெட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

காலி சீட்டைப் பார்த்து, “நாந்தாம்மா கட்டுனேன். தப்புத்தான்” என்றேன்.

மணி நின்றது. யாரோ நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல சீட் மெல்ல முனகியது.

ரெசிஸ்டரை வெட்டி எறிந்தேன். பழைய கோளாறு என்னவென்று தேடினால், சாக்கெட்டுக்குள் ஒரு ஊசிமுனை மடங்கியிருந்தது, அவ்வளவுதான். நிமிர்த்தி, பூட்டி, பேட்டரியை மாட்டி, விளக்கு அணைய இருபது நிமிடம் ஆனது. அன்றைக்கு நான் செய்யாமல் விட்டது இருபது நிமிட வேலை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கடைசியாக ஸ்கேனரைப் பார்த்தேன். இடது சீட்: காலி.

டீச்சர் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ரம்யா முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இந்த வண்டியில பை விரியாம வெச்சது நாந்தானுங்க டீச்சர். ஒரு பொண்ணு போயிருச்சுங்க. இப்ப சரி பண்ணிட்டேன். ஆனாலும் சேலத்துல ஒரு தடவ காட்டிட்டு, அப்பறம் பாப்பாவ முன்னாடி வெய்யுங்க.”

அவர் ரம்யாவைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஷெட்டைப் பூட்டி, என் பழைய வேனில் ஏறினேன். அதில் ஏர்பேக் கிடையாது, சீட் சென்சார் கிடையாது, மணி அடிக்க ஒரு வயர்கூடக் கிடையாது. அத்தனை வயரும் நானே போட்டது. சாவியைத் திருப்பினேன்.

டிங்.

எலுமிச்சை வாசனை.

பிறகு கையை நீட்டி இடது சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது.

மறுநாள் காலையில் அஃப்சானாவைப் பள்ளிக்கூடத்தில் விடக் கிளம்பினேன். எப்போதும் முன்னால் உட்கார அடம்பிடிப்பவள், இடது கதவைத் திறந்து, ஒரு நொடி நின்று, மெதுவாகச் சாத்தினாள்.

“நான் பின்னாடியே உக்காந்துக்கறேன் அத்தா.”

ஏன் என்று நான் கேட்கவில்லை.