ஐந்து மணிக் கப்பல்

செல்போன் அலறியது.

துனிசியாவின் லா குலெத் துறைமுக வாசலில் தன் சின்ன வெள்ளைக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தலெந்தா, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனை எடுத்தாள்.

"என்ன ஹெதிலி மாமா... காலங்காத்தால? காபிக்கடையில கூட்டமே இல்லையா?"

மறுமுனையில் மூச்சு இரைத்தது.

"தலெந்தா... உங்க அண்ணன் கடைக்கு வாம்மா. ஓடி வா!"

"ஏன்? என்ன ஆச்சு?"

"எதையும் கேக்காத... வா!"

துறைமுகத்திலிருந்து அண்ணன் ஹமாதியின் நகைப்பட்டறைக்குப் பத்து நிமிட நடை. தலெந்தா நான்கு நிமிடத்தில் ஓடிச் சேர்ந்தாள்.

ஹமாதி மேசைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. தலைக்குப் பக்கத்தில் அவன் தினமும் தங்கம் தட்டுகிற இரும்புப் பட்டறைக்கல்.

அதில் ரத்தம்!

தலெந்தா அலறவில்லை. அண்ணனின் கையைத் தொட்டாள். இன்னும் சூடு இருந்தது.

மேசைமேல் ஒரு பச்சை வெல்வெட் பெட்டி. திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"மரகத மோதிரம்..." என்றாள்.

"நம்ம நாட்டை ஆண்ட பே அரசர் காலத்துதா?" கதவருகே நின்றிருந்த இன்ஸ்பெக்டர் சட்லி கேட்டார். வாரம் தவறாமல் ஹமாதியோடு சீட்டாடுகிறவர். அவர் குரலும் உடைந்திருந்தது.

"அதேதான். நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். 'நாளைக்கு எட்டு மணிக்குக் கப்பல்லேர்ந்து ஒரு ஆள் வர்றான். மூணு மாசமா போன்ல நச்சரிக்கிறான். மோதிரத்தைக் காட்டுவேன், விக்க மாட்டேன்'னு."

"பேரு?"

"சொல்லலை. வாடிக்கையாளர் பேரைத் தங்கச்சிகிட்டகூடச் சொல்ல மாட்டான் சார்."

எதிர்க்கடை ஹெதிலி மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆளை நான் பார்த்தேன்யா. கடை திறக்கறவரைக்கும் என் கடையிலதான் உக்காந்திருந்தான். நெட்டையா, வெள்ளைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. முகம் தெரியலை. அஞ்சு யூரோ நோட்டு நீட்டினான். மீதியை தினாராக் கொடுத்தேன்."

சட்லி பெருமூச்சு விட்டார்.

"அந்தக் கப்பல்ல இறங்கின ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு நெட்டை. முக்கால்வாசிப் பேரு வெள்ளைச் சட்டை. நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. நான் பார்த்துக்கறேன்."

வீட்டுக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது.

அன்று காலை வந்து நின்ற 'பெர்லா திரேனா' உல்லாசக் கப்பலிலிருந்து ஒரு பெல்ஜியத் தம்பதி அவளுடைய காரை நாள் முழுக்கப் பதிவு செய்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. பயணிகளைக் காரில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டும் பத்தொன்பது வருடத் தொழில் பழக்கம்!

வாசலில் அவர்கள் காத்திருந்தார்கள். கஸ்பார் தெவால். அறுபது வயது, நெட்டை, வெள்ளைச் சட்டை, தொப்பி. பக்கத்தில் அவன் மனைவி ஓதில். சின்ன உருவம். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"கால் மணி நேரமா நிக்கறோம்!" என்றான் கஸ்பார். "உங்க ஊர்ல கடிகாரம்னு ஒண்ணு கண்டுபிடிச்சாச்சா, இல்லியா?"

"மன்னிக்கணும் சார். இன்னிக்கு என்னால..."

அதற்குள் மல்லிகைப்பூ விற்கும் ஆள் ஒரு செண்டை ஓதிலின் மூக்கருகே நீட்டினான். கஸ்பார் சலிப்போடு பையில் கைவிட்டு, ஒரு நாணயத்தை எடுத்து அவன் தட்டில் எறிந்தான்.

தலெந்தாவின் வாக்கியம் பாதியில் நின்றது.

ஒரு தினார்!

"சார் துனிசியாவுக்கு முதல் தடவையா?" மெதுவாகக் கேட்டாள்.

"முதல் தடவை. கப்பலைவிட்டு இறங்கியே இருபது நிமிஷம்தான் ஆகுது. காலையிலேர்ந்து கட்டில்லதான் கிடந்தேன். இல்லையா ஓதில்?"

ஓதில் தரையைப் பார்த்தாள். "ஆமா."

துனிசிய தினாரை வெளிநாட்டு வங்கியில் வாங்க முடியாது. ஊருக்குள் கொண்டுவரவும் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. ஒருவன் பையில் தினார் இருக்கிறதென்றால், அவன் இந்த மண்ணில் இறங்கி யாரிடமாவது மீதி வாங்கியிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

கட்டிலில் படுத்துக்கொண்டே மீதி வாங்க முடியாது!

"இன்னிக்கு என்னால... என்ன சொல்ல வந்தே?" கஸ்பார் புருவத்தை உயர்த்தினான்.

தலெந்தா சிரித்தாள். கன்னம் வலித்தது.

"இன்னிக்கு என்னால முடிஞ்ச அளவு நல்லா சுத்திக் காட்டறேன் சார். ஏறுங்க!"

கார் கிளம்பியதும் பயணிகளுக்கு அவள் வழக்கமாகச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. வாய் தானாகச் சொன்னது.

"பாஸ்போர்ட்டைக் கப்பல்லயே பூட்டி வச்சிட்டீங்கல்ல? நல்லது, கையில நகல் இருந்தா போதும். சந்தையில பர்ஸை முன்பையில வச்சுக்கங்க. 'மேல வந்து மாடியைப் பாருங்க, இலவசம்'னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க, கீழே இறங்கறப்போ கம்பளத்தோடதான் இறங்குவீங்க."

"ஹ! கப்பல்காரன் நடத்தற சுற்றுலாவுக்கு இதுல பாதிகூடச் சொல்ல மாட்டான். ஆனா மூணு மடங்கு காசு!" கஸ்பார் தொடையைத் தட்டினான். "அதான் தனியா கார் பிடிச்சேன். அஞ்சு மணிக்குள்ள கொண்டுபோய் விட்டுரு."

அவள் எப்போதும் சொல்வது இன்னும் ஒன்று இருந்தது.

'சார், கப்பல்ல சொல்ற நேரம் கப்பல் கடிகாரத்தோட நேரம். உங்க போனை நம்பாதீங்க!'

ஜெனோவாவில் கிளம்பும் கப்பல் இத்தாலியக் கடிகாரத்தைத்தான் பின்பற்றும். கோடையில் இத்தாலிக்காரர்கள் முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். துனிசியா தள்ளாது. கப்பலில் ஐந்து என்றால் கரையில் நான்கு. ஆனால் செல்போன் இருக்கிறதே, கரைக் கோபுரத்தின் அலை கிடைத்ததும் கேட்காமலே ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். அதைப் பார்த்து நடக்கிறவன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து நிற்பான்.

கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா என்றால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவனுக்குக் காத்திருக்காது.

பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு பயணியைக்கூடத் தவறவிட்டதில்லை.

இன்று அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கினாள்.

பெட்ரோல் பங்கில் இறங்கி, காருக்குப் பின்னால் நின்று போன் செய்தாள்.

"சட்லி சார்... அவன் என் கார்லதான் உக்காந்திருக்கான்."

"என்ன!"

"இப்பதான் இறங்கினேன்னு சொல்றான். பையில தினார் இருக்கு."

"அடப்பாவி!" சட்லி குரலைத் தாழ்த்தினார். "ஆனா தங்கச்சி, ஒரு நாணயத்தைக் காட்டினா நீதிபதி சிரிப்பார். மோதிரம் வேணும். அவன் திரும்பிப் போய் அதைக் கப்பல்ல ஒளிச்சு வச்சிருப்பான். வேற நாட்டுக் கொடி... அனுமதி வாங்கறதுக்குள்ள கப்பல் இத்தாலியில பலெர்மோ போயிடும்."

"நீங்க கப்பலுக்குள்ள போக வேண்டாம். அவன் அறைப் பெட்டகத்துல இருக்கறது தானா கரைக்கு வரும்."

"யார் கொண்டு வருவா?"

"கப்பல்காரங்களே! பயணி வந்து சேரலைன்னா அவங்க அறைக்குப் போய்ப் பெட்டகத்தைத் திறப்பாங்க. பாஸ்போர்ட், மருந்து, முக்கியமான சாமான், எல்லாத்தையும் பையில போட்டுத் துறைமுக ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டுத்தான் கிளம்புவாங்க. ஏஜென்ட் உங்க ஆளுங்க முன்னாலதான் அதைப் பிரிக்கணும். கரையில நிக்கிற பயணி கையில ஊருக்குள்ள வந்ததுக்கு முத்திரைகூட இருக்காது, அவனும் உங்க கைக்குள்ளதான்."

மறுமுனையில் ஒரு செருமல்.

"எனக்கு ஒண்ணும் சரியாக் கேக்கலை தலெந்தா. லைன் மோசம்," என்றார் சட்லி. "கப்பல் எப்போ?"

"நம்ம நேரம் நாலுக்குள்ள ஏறணும், நாலரைக்குக் கிளம்பும்."

"அப்போ நான் துறைமுகத்துலதான் டீ குடிப்பேன்."

கார்த்தேஜ் இடிபாடுகளில் கஸ்பார் தூணுக்குத் தூண் நின்று படம் எடுத்துக்கொண்டான். மதியம், முட்டை வைத்துப் பொரித்த ப்ரிக்கைக் கையால் பிய்த்துத் தின்றான். மஞ்சள்கரு விரல்களில் வழிந்தது.

இந்தக் கைதான்!

தலெந்தாவுக்குக் காரை மலைமேலிருந்து கடலுக்குள் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கூடாது. அது ஒரு நொடியில் முடிந்துவிடும். இவன் சிறையில் ஒவ்வொரு நாளாக எண்ண வேண்டும்.

"என்னையே பார்க்கறியே?" கஸ்பார் கேட்டான்.

"சார் நல்லா ரசிச்சுச் சாப்பிடறீங்க."

"காலையிலேர்ந்து நல்ல பசி!"

ஓதில் தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டினாள். சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டில் ஒரு பழைய கைக்கடிகாரம்.

தலெந்தா அதன் முள்ளைப் பார்த்துவிட்டுத் தன் போனைத் திருப்பினாள்.

அவளுடைய போனில் ஒன்று இருபது. அந்தக் கடிகாரத்தில் இரண்டு இருபது!

கப்பல் நேரம்! போனை நம்புகிறவனைத்தான் ஏமாற்ற முடியும். கடிகாரம் கட்டிய பெண்ணை?

"ஓதில்," கஸ்பார் வாயைத் துடைத்தபடி கேட்டான், "அஞ்சு மணிக்குள்ளேன்னுதானே போட்டிருந்தான்?"

ஓதில் தன் கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய உணவகக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு தலெந்தாவின் கண்களை நேராகப் பார்த்தாள்.

சட்டைக்கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஆமாங்க. அஞ்சு மணிதான். நிறைய நேரம் இருக்கு."

தலெந்தாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

மூன்றே முக்காலுக்குச் சிடி பூ சைத் குன்றின்மேல், கடலைப் பார்த்த தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நான்கு அடித்தது. தலெந்தாவின் போன் அதிர்ந்தது. துறைமுக ஏஜென்ட் மெஹ்ரெஸ் அனுப்பிய செய்தி.

'தெவால் தம்பதி உன்கூடவா? கப்பல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க!'

போனைக் குப்புறப் போட்டாள். உரிமம் போகலாம். போகட்டும்.

"இன்னொரு புதினா டீ?"

"தாராளமா! மேல மிதக்குதே, அந்த பைன் கொட்டை நிறையப் போடச் சொல்லு."

நான்கு இருபது.

நான்கு முப்பது.

கீழே வளைகுடாவிலிருந்து நீளமாக ஒரு சங்கொலி. வெள்ளைக் கப்பல் ஒன்று கரையைவிட்டு மெல்ல விலகியது.

கஸ்பார் கண்களைச் சுருக்கினான்.

"ஆகா... என்ன அழகு! பாரு ஓதில், அச்சு அசல் நம்ம கப்பல் மாதிரியே இல்ல?"

தலெந்தா தேநீரை ஒரு மிடறு குடித்தாள்.

"உங்க கப்பல்தான் சார்!"

துறைமுக அலுவலகத்தில் கஸ்பாரின் கத்தல் கூரையைத் தூக்கியது.

"இவ உரிமத்தைப் பிடுங்குங்க! இன்னும் அஞ்சே ஆகலை! இவ வேணும்னே செஞ்சா!"

"உக்காருங்க சார்," என்றார் சட்லி, கையில் டீயோடு. "உங்க சாமானைக் கப்பல்காரங்க பத்திரமாக் கொடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. மெஹ்ரெஸ், பிரிப்பா."

கஸ்பாரின் வாய் சட்டென்று மூடியது.

மெஹ்ரெஸ் முத்திரையை உடைத்து, ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தான்.

"பாஸ்போர்ட் ரெண்டு. மூக்குக்கண்ணாடி ஒண்ணு. ரத்தக்கொதிப்பு மாத்திரை ஒரு டப்பா, மூடி ஒட்டினபடி. பெட்டகத்துல இருந்தது இவ்வளவுதான்."

தலெந்தா பையைப் பிடுங்கித் தலைகீழாக உதறினாள்.

ஒன்றும் விழவில்லை!

சட்லியின் முகம் சுண்டியது. கஸ்பார் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தான்.

"எதைத் தேடறே? கிடைக்கலையா? பாவம்!" எழுந்து நின்றான். "நாங்க ஹோட்டலுக்குப் போறோம். நாளைக்கு விமானம். என் மாத்திரையைக் கொடு."

கை நீட்டினான்.

"எந்த மாத்திரை?"

எல்லோரும் திரும்பினார்கள். ஓதில்!

"சும்மா இரு ஓதில்."

"காலையில உங்க சட்டைக்கையில ரத்தம் இருந்துது. என்னன்னு கேட்டேன். 'இன்னிக்கு ராத்திரி கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் பால்கனிப் பக்கம் வந்து நில்லு, சொல்றேன்'னீங்க." ஓதில் முழுக்கைச் சட்டையை மேலே இழுத்தாள். மணிக்கட்டில் ஐந்து விரல்களின் நீலத் தடம். அதன்மேல் அந்தக் கடிகாரம். "அந்தக் கப்பலுக்குத் திரும்பிப் போகக் கூடாதுன்னு நான் அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

பிறகு தலெந்தாவின் பக்கம் திரும்பினாள்.

"கப்பல் நேரத்தைச் சொல்ல நீ மறந்துட்டேன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் உன் கண்ணைப் பார்த்தேன். செத்தது யாரும்மா?"

"என் அண்ணன்," என்றாள் தலெந்தா. காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது.

கஸ்பார் டப்பாவின்மேல் பாய்ந்தான். சட்லி முந்திக்கொண்டு எடுத்துக் குலுக்கினார். மாத்திரைகள் இப்படி ஒற்றைச் சத்தமாக உருளாது!

மூடியைத் திருகிக் கவிழ்த்தார்.

பச்சையாக ஒன்று மேசைமேல் உருண்டது. ஹமாதியின் மரகத மோதிரம்!

தலெந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு கஸ்பாரின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எங்க ஊரை நிதானமாப் பார்க்க இனி உனக்கு நிறைய நேரம் இருக்கு. ஒரே ஜன்னல் வழியா!"

கைவிலங்கு சொடக்கியது. கஸ்பாரின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு இரைத்தது.

ஓதில் காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல இவர் ஒரு மாத்திரைகூடப் போட்டதில்ல இன்ஸ்பெக்டர். இவருக்கு ரத்தக்கொதிப்பே கிடையாது!"

சட்லி ஆறிப்போன டீயின் கடைசி மிடறைக் குடித்தார்.

"கவலைப்படாதீங்க மேடம்... இப்பதான் ஆரம்பிச்சிருக்கு!"