வெளியிலிருந்து ஓட்டுபவர்

மைக்ரோஸ்கோப்பின் தட்டில் அவள் இன்னும் எதையும் வைக்கவில்லை. ஆனால் திரையில் படம் வந்துகொண்டிருந்தது.

வெளியே பட்டப்பகல். துளி வெளிச்சம் பட்டாலும் படம் கெட்டுவிடும் என்பதால் கருப்புத் திரைச்சீலைகளை இழுத்து மூடி, ஏசியின் முனகலும் சூடான பிளாஸ்டிக் வாடையும் லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டின் நெடியும் தேங்கிக் கிடந்த அந்தச் சிறிய அறையில், ஆபரேட்டரான அவள் ஆறு வருடமாக, எங்கெங்கோ இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கெல்லாம் இந்த ஒரே கருவியை மணிக்கணக்கில் பங்கு போட்டுக் கொடுத்துவந்தாள். அவர்கள் திசு மாதிரிகளை அனுப்புவார்கள். அவள் தட்டில் வைப்பாள். அவர்கள் இருந்த இடத்திலிருந்தே இணையம் வழியாகக் கருவியை ஓட்டுவார்கள். நன்றி சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம்.

திரையின் மூலையில் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரோ ஓட்டுகிறார்கள். இந்த ஒரு மணி நேரம் ஒரு சிடுமூஞ்சிப் பேராசிரியருடையது. அவருக்குப் போன் போட்டாள்.

"சார், மாதிரியே வைக்கலை. அதுக்குள்ள ஓட்ட ஆரம்பிச்சிட்டீங்களே?"

"நான் ஓட்டறேனா? காலையிலேர்ந்து உள்ளேயே நுழைய முடியலை. என் நேரத்தைப் பிடுங்கி யாருக்கோ குடுத்துட்டு, கிண்டல் வேறயா?"

"யாருக்கும் குடுக்கலை சார்..."

"பொய் சொல்லாதீங்கம்மா. வைங்க போனை."

அவள் திரையைப் பார்த்தாள். தோல். ஒரு மயிரின் வேர். அதற்குக் கீழே நூல் போன்ற குழாய்க்குள் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வெட்டியெடுத்த மாதிரியில் ரத்தம் ஓடாது. இது உயிரோடு இருப்பது. பக்கத்தில் ஆழத்தைக் காட்டும் எண் ஏறியது. நாற்பது மைக்ரான். அறுபது.

இடது முன்கையில் நமைச்சல் எடுத்தது. சொறிந்தாள்.

திரையில் படம் குலுங்கியது.

கையை எடுத்தாள். படம் நின்றது. நெஞ்சு படபடத்தது. அணுக்களும் அதே வேகத்தில் பாய்ந்தன.

மெயின் சுவிட்சை அணைத்தாள். மாதிரிமேல் ஒளி பாய்ச்சும் லேசர் நின்றது. ஏசி அடங்கியது. பேட்டரியில் திரை மட்டும் எரிந்தது. எண் ஏறுவது நிற்கவில்லை. முந்நூறு. ஐந்நூறு.

ஓட்டுபவரோடு பேசத் திரையோரம் இருந்த செய்திப் பெட்டியில் தட்டினாள்: "யார் நீங்க?"

பதில் உடனே வந்தது.

"ஆடாதே."

கதவுக்கு ஓடினாள். கைக்குள் நெருப்புக் கம்பி இறங்கியது. சுருண்டு உட்கார்ந்தாள்.

திரையில் அடுத்த வரி வந்தது. "ஆடாதேன்னு சொன்னேன்ல."

படத்தில் இப்போது தசை. நார் நாராக. எண் நின்றது. படம் மெல்லத் தெளிந்தது.

நார்களுக்கு நடுவே ஏதோ ஒன்று. வெளுத்து. சுருண்டு. அணு இல்லை. நரம்பு இல்லை. லேசர் அணைந்திருந்தும், எங்கிருந்தோ ஒளி அதன்மேல் விழுந்தது.

அது விரிந்தது. ஒளி வந்த திசைக்குத் திரும்பியது.

தன் கைக்குள், எலும்பை உரசிக்கொண்டு அது திரும்புவதை அவள் உணர்ந்தாள்.