ஜென்மபாவம் என்ற சொல்லைத் தேடி வந்தவள்

அந்தப் புத்தகத்தை இருவரும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள்.

வெளியே மழை. கிறிஸ்தவப் புத்தகக் கடையின் கண்ணாடிக் கதவில் தண்ணீர் கோடு கோடாய் வழிந்துகொண்டிருந்தது. வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் தடித்த அகராதி அது. கடையில் இருந்ததே ஒரு பிரதிதான்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்," என்றான் அவன்.

"நீங்க முதல்ல தொட்டீங்க. எடுத்தது நான்."

நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்கள்... அழுது அழுது சிவந்திருந்தாலும் யாருக்கும் வழிவிடாத பெரிய கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவன் பிடி தானாகவே தளர்ந்தது.

"ஒரே ஒரு வார்த்தை பாக்கணும். பாத்துட்டுத் தந்துடறேன்," என்றாள்.

"என்ன வார்த்தைன்னு சொல்லுங்க, நானே சொல்லிடறேன். இறையியல் கல்லூரியில வேதாகமத்தைத்தான் பாடம் எடுக்கறேன். பசங்க எனக்கு அடிக்குறிப்புன்னு பேர் வச்சிருக்காங்க."

"ஏன்?"

"எதைச் சொன்னாலும் கீழே ஒரு விளக்கம் ஒட்டிடுவேனாம்."

சிரிப்பதற்கு முன்னால் வருகிற சின்ன அசைவு ஒன்று அவள் உதட்டோரம் வந்தது... வந்ததும் போய்விட்டது.

"ஜென்மபாவம்," என்றாள்.

"அது இதுல இருக்காதே. பைபிள்ல அந்த வார்த்தையே கிடையாது. ஆதாம் செஞ்ச பாவம் பிறக்கறப்பவே எல்லார்கிட்டயும் ஒட்டியிருக்குங்கறதுக்குப் பின்னாடி வந்தவங்க வச்ச பேரு. பிதா, மகன், ஆவி மூணும் ஒண்ணுங்கற திரித்துவமும் அப்படித்தான். அவ்வளவு ஏன், பைபிள்ங்கற வார்த்தையே பைபிள்ல இல்ல."

வகுப்பில் இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இல்லாத வார்த்தைய வச்சா எங்க பாப்பாவைத் தள்ளி வச்சாங்க?"

விட்டு விட்டுச் சொன்னாள். அக்காவின் முதல் குழந்தை. பிறந்த அன்றே போய்விட்டது. அந்தப் பாவத்தைக் கழுவ ஞானஸ்நானம் கொடுக்கக்கூட நேரமில்லை. ஜென்மபாவத்தோடு போன பிள்ளைக்குச் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று போதகர் சொல்லிவிட்டார். பொது இடுகாட்டின் ஓரத்தில், ஜெபம்கூட இல்லாமல் புதைத்தார்கள். அன்றிலிருந்து அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

"எந்தச் சபை?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். அந்தப் போதகர் அவனுடைய அப்பா.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கண்கள் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தான்... சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் அடிக்கடி வந்தாள். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை முடிந்து, கையில் ஸ்பிரிட் வாசனை போகாமலேயே வருவாள். கடையின் பின்பக்க மேசையில் இருவரும் வசனங்களைப் புரட்டுவார்கள்.

"நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஊசி குத்தறீங்க. இங்க வந்து என்னையும் குத்தறீங்களே," என்பான்.

"உங்களுக்குக் குத்தினா ரத்தம் வராது. விளக்கவுரைதான் வரும்."

அன்றைக்குச் சிரித்தேவிட்டாள். சிரித்த மறுநிமிடமே, ஏதோ களவாடிவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அங்கே அப்படிக் கிடக்க, தனக்கு மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது... இவன் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் ஏன் மூச்சு முட்டாமல் இருக்கிறது...

உண்மையை உடைத்தவர் கடைக்காரர். எதேச்சையாகத்தான். "தம்பி, உங்க அப்பா கேட்ட பிரசங்கப் புத்தகம் வந்திருக்கு. சபைக்கே அனுப்பிடட்டுமா?"

சபையின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

அவள் எழுந்தாள். குரல் உயரவே இல்லை.

"எல்லாம் தெரிஞ்சும் எங்கூட உக்காந்து தேடினீங்களா?"

"சொன்னா வரமாட்டீங்கன்னு..."

"வந்திருக்க மாட்டேன். நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

குடையை மறந்து மழையில் இறங்கிப் போனாள்.

அன்று மாலையே அவன் அப்பாவின் எதிரில் நின்றான். "அந்த வார்த்தை வேதத்துல இல்லப்பா."

"திரித்துவமும்தான் இல்ல. அதையும் தூக்கிப் போட்டுடலாமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் அப்பா. "பேரு இல்லாட்டி என்ன, விஷயம் இருக்குன்னு நீதானே வகுப்புல சொல்லிக் குடுக்கறே?"

அது உண்மை. "செத்த குழந்தைய வெளிய வைன்னு எங்கயும் எழுதலயே," என்று மட்டும் சொன்னான்.

"அந்த வீட்டுக்குப் பரிஞ்சுகிட்டுப் போறதா இருந்தா, இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே."

காலையில் துணிமணி அடைத்த ஒரு பையோடு அவன் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் உள்ளே கூப்பிடவில்லை. தடுக்கவும் இல்லை. அக்காவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா... நான் அந்தப் போதகரோட மகன். அவர் சொன்ன வார்த்தை வேதத்துல இல்ல."

சுவர்ப் பக்கமிருந்து வறண்ட குரல் வந்தது. "வார்த்தை இல்ல. விஷயம்?"

விஷயமும் இல்லை என்று ஒரு பொய் போதும். வாசலில் நிற்பவள் அதைக் கேட்கத்தான் காத்திருந்தாள். அவனால் முடியவில்லை.

"பாவம் எல்லாரையும் பிடிச்சுதுன்னு எழுதியிருக்கு. பாப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு எழுதல. எனக்குத் தெரியாதுக்கா. எங்க அப்பாவுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டார்."

பிறகு, திரும்பாமலே அக்கா கேட்டாள். "அங்க போய் ஒரு ஜெபம் பண்ணுவீங்களா?"

அவனும் தங்கையுமாகப் போனார்கள். இடுகாட்டின் ஓரம் முழுக்கச் சேறு. நாள் கணக்காய்ப் பெய்த மழை சின்ன மேடுகளையெல்லாம் கரைத்திருந்தது. அவள் இங்கே ஓடினாள், அங்கே ஓடினாள், முழங்காலிட்டுக் கையால் தடவினாள். எது பாப்பாவின் இடம் என்று தெரியவில்லை.

"அக்காகிட்ட என்னன்னு சொல்வேன்..." அங்கேயே உடைந்துபோனாள்.

அவன் அவளருகே சேற்றில் முழங்காலிட்டு, அந்த ஓரம் முழுவதற்குமாக ஜெபித்தான். பெரிய சொற்கள் எதுவும் வரவில்லை. பிதாவே, வச்சுக்கோ என்றான். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

மழை வலுத்தது. அவள் எழுந்திருக்காமலே, அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீங்க."

"ஆமா."

"சொல்லியிருந்தா உங்கள வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்." விரலால் சேற்றைக் கீறினாள். "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அதான் என் கஷ்டமே. அக்கா எழுந்திரிக்காம நான் எங்கயும் வரமாட்டேன். எழுந்தாலும் உங்க வீட்டுக்கு வரமாட்டேன்."

"எனக்கே இப்ப வீடு இல்ல."

அவன் பக்கத்தில் சேற்றில் கிடந்த பையை அப்போதுதான் கவனித்தாள். மழை நீரோடு கண்ணீரும் வழியும் அந்தக் கண்கள் முதன்முறையாக அவன் முகத்தில் நின்றன.

"எனக்கு உங்கள விட்டா யாரும் இல்ல," என்றான். "இதைச் சொல்ற இடமா இது... தெரியல."

"வேற எந்த இடம் இருக்கு நமக்கு?"

நமக்கு என்று சொன்னது அவளுக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்தது. சேறு படிந்த தன் கையை, சேறு படிந்த அவள் கையின் மேல் வைத்தான்.

அவள் இழுத்துக்கொள்ளவில்லை.