மூன்று சிவப்பு வட்டங்கள்

மாரிட் ஹாகன் முடிதிருத்தகத்தின் கதவைத் தள்ளித் திறந்தபோது, ஹார்லன் டீக் முகம் முழுக்க நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஷெரீஃப் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், டிரை ஃபோர்க் ஊரில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். தேடினால் பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான் கிடைப்பார்.

"என் வீட்டுக்காரரைக் கொல்லப் பார்த்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் மாரிட். "அந்த ஆள்கூடத்தான் இப்ப என் பொண்ணு மலைக்குப் போயிருக்கா."

லைல் ப்ரூயிட்டின் சவரக்கத்தி அந்தரத்தில் நின்றது. டீக் துண்டை எடுத்து நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"உட்காருங்கம்மா. நிதானமா சொல்லுங்க."

உட்கார அவளுக்குக் கால் மடங்கவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை சுடும் பயிற்சித் திடலில் அவள் கணவன் ஓரினின் துப்பாக்கி அவன் முகத்தருகே வெடித்துச் சிதறியது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றி மருத்துவர்கள் வாய் திறக்க மறுக்கிறார்கள். வீட்டிலேயே வெடிமருந்து அடைத்துக் கட்டிய தோட்டா, கவனக்குறைவில் மருந்து இரண்டு தரம் விழுந்திருக்கிறது, விபத்து என்று சொல்லிக் காவலர்கள் உடைந்த துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"அவராவது கவனக்குறைவா இருக்கறதாவது. தோட்டா கட்டுறப்ப பக்கத்துல ரேடியோகூடப் பாடக் கூடாது அவருக்கு."

"அப்ப யாரைச் சந்தேகப்படறீங்க?"

"அவர் தம்பி ரோல்டை. மேய்ச்சல் நிலத்து வேலித் தகராறுக்கு அப்புறம் ரெண்டு பேரும் முகம் பார்த்துப் பேசினதில்ல. அன்னைக்கு அவனும் திடல்லதான் இருந்தான். இன்னைக்குக் காலையில சிக்னி போன் பண்றா, 'அம்மா, சித்தப்பாகூட மான் வேட்டைக்குப் போறேன், கவலைப்படாதே'ன்னு. நான் வேணாம்னு கத்தறதுக்குள்ள சிக்னல் போயிடுச்சு."

லைல் அதற்குள் கடையை மூடும் பலகையைத் திருப்பி மாட்டியிருந்தார். "என் லாரியிலயே போயிடலாம். இன்ஜின் சூடு ஆறாம இருக்கு."

"மலை ரொம்பப் பெரிசு, லைல்," என்றார் டீக். "எதைத் தேடறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போவோம். முதல்ல அந்தத் தோட்டா பிறந்த இடத்தைப் பார்க்கணும்."

மாரிட்டின் வீட்டுக் கேரேஜ் மூலையில் ஓரினின் வேலைமேசை இருந்தது. அதன் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கிய, தோட்டா கட்டும் டரட் பிரஸ் இயந்திரம். கைப்பிடியை இழுக்க இழுக்க அதன் தலை தானாகச் சுழன்று அடுத்தடுத்த அச்சைக் கொண்டுவரும். ஒரு தோட்டா முழுதாக முடிந்த பிறகுதான் அடுத்த காலித் தோட்டாவை வைக்க வேண்டும். டீக் கைப்பிடியை இழுத்தார். தலை சுழலவில்லை. மறுபடி இழுத்தார். அப்போதும் அசையவில்லை.

"ரிப்பேரா?" என்றார் லைல்.

டீக் இழுப்பறைகளைத் திறந்து பார்த்தார். துணியில் சுற்றிய முறுக்குக் கம்பி ஒன்று கிடைத்தது. "தலையைச் சுத்த வைக்கிறதே இந்தக் கம்பிதான். இது உள்ளே இருந்தா ஒரே தோட்டாவுல மருந்து ரெண்டு தரம் விழுறது லேசுல நடக்காது. யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க. அம்மா, நீங்க சொன்னது சரி. இது விபத்தில்ல."

தான் சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்றுதான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் மாரிட்டுக்கே புரிந்தது.

"அப்ப ரோல்ட்தான்," என்றார் லைல். "கிளம்புங்க."

"பொறு. கேரேஜுக்குள்ள யார் யார் வருவாங்க?"

"சாவி சமையலறையில தொங்கும். ரோல்ட் இந்த வாசலை மிதிச்சு வருஷக்கணக்காச்சு. ஆனா ஓரின் கொஞ்ச நாளாவே புலம்பிட்டுத்தான் இருந்தார், பெட்டியில தோட்டா குறையுதுன்னு. 'எவன் எடுக்கறான்னு எனக்குத் தெரியும், படட்டும்'னு சொல்லிட்டே இருந்தார்."

"'படட்டும்'னா சொன்னார்?"

"ஆமா."

டீக் மேசை விளக்கைத் தாழ இறக்கினார். மரப்பலகையில் மூன்று சிறிய சிவப்பு வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. ஓரினின் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து ஒரு வட்டத்தின் மேல் நிறுத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. மேலே அலமாரியில் எண்ணெய்ப் புட்டிகளுக்குப் பின்னால் ஒரு நகச்சாயப் புட்டி இருந்தது.

"அது என்னோடது," என்றாள் மாரிட். "எங்கேயோ தொலைச்சிட்டேன்னு நினைச்சேன்."

உடைந்த துப்பாக்கி சாக்கில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கிழிந்த தோட்டாவின் அடிப்பாகம் அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. டீக் அதைக் கம்பியால் தட்டி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அடிப்பாகம் பளபளவென்று இருந்தது. நடுவிலிருந்த மெல்லிய பள்ளத்தில் மட்டும் மயிரிழைபோல ஒரு சிவப்பு.

"குளியலறைக் குப்பைக்கூடையைப் பார்க்கலாமா, அம்மா?"

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று லைல் முகத்தைச் சுளித்தார். ஆனால் கூடையின் அடியில் சிவப்பேறிய பஞ்சு உருண்டைகள் கிடந்தன.

"சிக்னி நகத்துக்குச் சாயம் பூசுவாளா?"

"அவளா? நகம் இருந்தாத்தானே பூச. எல்லாத்தையும் கடிச்சே தின்னுடுவா."

லைல் சிரித்தார். டீக் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"லாரியை எடு, லைல். வழியில சொல்றேன்."

மலைப்பாதை முழுக்கப் பனி இறுகிக் கிடந்தது. இருவருக்கும் நடுவில் மாரிட் கைகளை மடிக்குள் புதைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வெளியாள் உங்க வீட்டுக்காரர் பெட்டியில கெட்ட தோட்டாவைப் போட்டா, அதுக்கு அடையாளம் வைப்பானா?" என்று டீக் தொடங்கினார். "வைக்க மாட்டான். மத்த தோட்டாவோட தோட்டாவா அது கலந்து போறதுதானே அவனுக்கு வேணும். சிவப்பு அடையாளம் யாருக்குத் தேவை? அதே பெட்டியில தினமும் கை விடற ஆளுக்கு. தான் தப்பிச்சு, திருடற ஆள் மாட்டணும்னு நினைக்கிற ஆளுக்கு."

மாரிட் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓரினா?" என்றாள்.

"தம்பிதான் யாருக்கும் தெரியாம நுழைஞ்சு திருடறான்னு ஓரின் முடிவு கட்டிட்டார். கம்பியைக் கழட்டி, மூணு தோட்டாவுல மருந்தைக் கூட்டி, அடியில சிவப்பு வச்சு, எடுக்கறதுக்கு வாகா வச்சிருக்கார். எடுத்தது தம்பி இல்ல. வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆள். சிவப்பைப் பார்த்து ஏதோ கறைன்னு நினைச்சுப் பஞ்சால துடைச்சிருக்கு. அப்புறம் அப்பா புலம்பறதைக் கேட்டுப் பயந்து, ஒண்ணைத் திருப்பிப் பெட்டியிலேயே வச்சிருக்கு."

"அப்ப மீதி ரெண்டு?" என்று கேட்டார் லைல்.

இதுவரை மாரிட்டின் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. கொழுந்தனின் முகம். அதை வெறுக்கலாம், எதிர்த்து நிற்கலாம். இப்போது அந்த முகம் இருந்த இடத்தில், மகளின் கோட்டுப் பையும் அதற்குள் ஒன்றோடொன்று உரசும் இரண்டு பித்தளைத் துண்டுகளும்தான் தெரிந்தன.

ரோல்டின் லாரி ஓடைக்கரையில் ஆளில்லாமல் நின்றது. அவர்கள் இறங்கும்போதே மேலே பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

மாரிட் ஓடினாள். பனி முழங்கால்வரை உள்வாங்கியது, விழுந்தாள், எழுந்தாள். மரங்களுக்கு நடுவில் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்று தெரிந்தது. ஒன்றுதான். அது ரோல்ட். அவன் முட்டி போட்டிருந்தான்.

அவனுக்குப் பின்னாலிருந்து சிக்னி எழுந்து நின்றாள்.

"அம்மா? நீ எங்க இங்க? ஏன் அழறே?"

"துப்பாக்கியைக் கீழே வைங்க, ரெண்டு பேரும்," என்றார் டீக், மூச்சு வாங்கியபடி. "விசையில கை வைக்காதீங்க. சிக்னி, அப்பா பெட்டியிலேருந்து எடுத்த தோட்டா எங்கே?"

சிக்னியின் முகம் வெளுத்தது. "சித்தப்பா எனக்குச் சுடக் கத்துக்கொடுக்கறார். அப்பாகிட்ட சொன்னா விடமாட்டார். அதான் கொஞ்சம் கொஞ்சமா..." பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "இன்னொண்ணை இப்பத்தான் சித்தப்பாகிட்ட கொடுத்தேன். அவர் கடையில வாங்கினதுல கடைசியைச் சுட்டுட்டார். மான் தப்பிச்சிருச்சு."

ரோல்ட் தன் துப்பாக்கியைப் பார்த்தான். அடுத்த குறிக்காக அந்தத் தோட்டா ஏற்கெனவே அதில் ஏற்றப்பட்டிருந்தது. அதைக் கழற்றி டீக்கின் உள்ளங்கையில் வைத்தான். "என்ன இது?" என்றான்.

டீக் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சிக்னி பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனையில் ஓரினின் இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள். டீக் சுவரோரமாக நின்றுகொண்டார். கேட்க வேண்டியவள் மாரிட் என்று விட்டுவிட்டார்.

"அந்த மூணு தோட்டாவை யாருக்குக் கட்டினே?"

கட்டுகளுக்குப் பின்னால் ஓரின் எதையோ தேடுவதுபோல இருந்தது. "விரல் போனாப் போதும்னு நினைச்சேன்," என்றான் கடைசியில். "ரோல்டுக்குப் புத்தி வரட்டும்னு. என் பெட்டிக்கே அது எப்படித் திரும்பி வந்துச்சுன்னு தெரியல, மாரிட். படுத்துக்கிட்டே அதைத்தான் யோசிக்கிறேன். பயமா இருக்கு."

"எடுத்தது ரோல்ட் இல்ல. சிக்னி."

அவன் கை போர்வையைத் துழாவியது. "அவ சுட்டாளா? மாரிட், சொல்லு. சுட்டாளா?"

"இல்ல. அவளுக்கு ஒண்ணும் ஆகல."

"அவகிட்ட சொல்லிடாதே."

"தெரியும் அவளுக்கு. தான் திருப்பி வச்சதாலதான் அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னு வெளியில ரோல்ட் பக்கத்துல உட்கார்ந்து அழறா. நான் எவ்வளவு சொல்லியும் கேட்கல. அவளால இல்லைன்னு சொல்ல வேண்டியது நீ."

டீக் தொப்பியை எடுத்துக்கொண்டார். "நான் இன்னைக்கே ஷெரீஃப் ஆபீசுக்குப் போயாகணும், ஓரின். அதுக்கு முன்னாடி உங்களுக்குக் கொஞ்ச நேரம் தரேன்."

ஓரின் "கூப்பிடு," என்றான்.

மாரிட் கதவைத் திறந்தாள். தாழ்வாரத்திலிருந்து காலடிச் சத்தம் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தது. ஓரின் கட்டுப்போட்ட முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான்.

"யாரு வந்திருக்கறது?"

"ரெண்டு பேரும்," என்றாள் மாரிட்.