குசினிச் சுவரில் அப்பாவின் நாட்கள்

யோகலிங்கம் ஆட்டின் கொம்புக்குப் பெயின்ற் அடித்த அன்று உப்புவெளிக் கிராமமே கூடிவிட்டது. துறைமுகத்தில் போர்க்கப்பல்களுக்கு அவர் அடிக்கிற அதே சாம்பல் நிறம்! ஆடு பக்கத்து வீட்டு முஹம்மது தம்பியுடையது. அது தன்பாட்டில் பூவரசம் இலை தின்றுகொண்டிருந்தது.

போன கிழமை முழுவதும் பாயைவிட்டு எழும்பாத மனிதர் இவர். இப்போது ஓயாத கதை, ஓயாத வேலை.

“ஜப்பான்காரன் குண்டு போட்ட பயம் தலைக்கேறிப் போச்சு,” என்றார் தங்கத்துரை மாமா. “பேயும் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை கயிறு போட்டுக் கட்டி, பேயோட்ட மூதூருக்குக் கொண்டுபோவம்.”

அம்மா அழுதார். மகள் புஷ்பவதிக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவை மாட்டைப் போலக் கட்டுவதா?

“அப்பாவுக்குப் பயமில்லை மாமா,” என்றாள் அந்தப் பத்து வயதுக்காரி. “பயம் முஹம்மது தம்பி காக்காவுக்குத்தான்.” முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஓம் பிள்ளை,” என்றார் முஹம்மது தம்பி. “இப்ப கதவு அடிபட்டாலும் எனக்குக் கைகால் உதறுது.”

“அப்பா சைரன் ஊதின நாளிலயும் சிரிச்சவர். ஊதாத நாளிலயும் படுத்துக் கிடந்தவர். நான் எல்லாம் குறிச்சு வச்சிருக்கிறன்.”

குறித்தது குசினிச் சுவரில், அடுப்புக்குப் பக்கத்தில். யுத்த காலத்தில் கடதாசிக்கு எங்கே போவது? அப்பா படுத்த நாளுக்குக் கரிக்கோடு. துள்ளிய நாளுக்கு மஞ்சள் கோடு. நித்திரையில்லாத இரவுக்குச் சுண்ணாம்புப் பொட்டு. சைரன் ஊதினால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி.

ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் நேரே டாக்குத்தர் வல்லிபுரத்திடம் போனாள்.

“நோயாளியைக் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை.”

“அவர் வருவார் ஐயா. சுவர் வர ஏலாதே!”

டாக்குத்தர் சிரித்துவிட்டார். சைக்கிளில் வந்து குசினிச் சுவருக்கு முன்னால் குந்தினார்.

“இந்த வெள்ளைப் பொட்டு?”

“அப்பா நித்திரை கொள்ளாத இரவு. இரண்டு பொட்டு விழுந்தால் அடுத்தது மஞ்சள்தான். மஞ்சள் முடிஞ்சால் கரி. ஒவ்வொரு தரமும் அப்பிடித்தான்.”

டாக்குத்தர் திரும்பி, நாளைக்கென்று கயிற்றோடு வந்து நின்ற மாமாவைப் பார்த்தார். “காக்காவுக்குக் குண்டுப் பயத்தால வந்த நோய். இவருக்கு வேற வருத்தம். மனம் உயர ஏறும், பிறகு விழும். இரண்டும் பேயில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு போங்கோ.”

“அப்ப சுகமாகுமோ?” என்றார் அம்மா.

“உடன ஆகாது. முதல் பொட்டு விழுந்தவுடன என்னட்டை வரட்டும். நித்திரைக்கு மருந்து தாறன். அதோட துள்ளல் கொஞ்சம் அடங்கும்.” பிறகு சொன்னார்: “என்ர கொப்பியிலகூட இவ்வளவு ஒழுங்காக நான் எழுதினதில்லை.”

புஷ்பவதியின் கழுத்து ஒரு சாண் உயர்ந்தது. கதவோரம் நின்ற அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் ஒரு நாள் அப்பா இரவெல்லாம் விழித்திருந்தார். விடிந்ததும் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு மகளை அழைத்தார்.

வழியில் முஹம்மது தம்பி கேட்டார்: “என்ன பிள்ளை, அப்பாவை டாக்குத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போறியோ?”

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார்.

“இல்லைக் காக்கா. நான்தான் இவளைக் கூட்டிக்கொண்டு போறன். டாக்குத்தர் முதல்ல இவளைத்தான் கேக்கிறவர்!”