தீர்க்காயுசு வீடு

ஈரத்துணியால் மாமனாரின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் கை, அவர் மூக்குக்குக் கீழே வந்ததும் நின்றது. வழக்கமாக அங்கே ஓர் இளஞ்சூடு தட்டும். நெடுநாள் பூட்டிவைத்த துணிப்பெட்டியைத் திறந்தாற்போன்ற வாசனையோடு மணிக்கட்டை உரசிவிட்டுப் போகும். இன்று ஒன்றும் வரவில்லை. ஆனால் மாமனாரின் கண்கள் அவளையே பார்த்தன. உதடுகள் அசைந்தன.

"போதும்மா."

தினமும் சொல்வதுதான். எது போதும் என்று அவள் கேட்பதில்லை. அவளுக்கே எழுபத்தைந்து வயது. தெருவில் இன்னும் 'மருமகள்' என்றுதான் பெயர். மாமியார் காலாகாலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் எதிலும் முந்திக்கொள்கிற ஆசாமி, அறுபதிலேயே கிளம்பிவிட்டார். மிஞ்சியது இந்தக் கட்டிலும் அவளும். மாமனாரை அனுப்பிவைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் ஒரு வாரம் தூங்கி எழுந்து, அப்புறம் தானும் போய்விட வேண்டும். ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள்.

வெளியே, கூடத்தில், மாமனாரின் நூற்றுப் பதினெட்டாவது பிறந்தநாள் விழா தொடங்கியிருந்தது. டாக்டரான அவள் மகனின் மருத்துவமனைப் பலகையில் தாத்தாவின் படம்தான் பெரிது; கீழே, 'ஆயுளுக்கு எங்கள் குடும்பமே சாட்சி.' சாட்சியின் படுக்கைப்புண்ணைக் கழுவுவது யார் என்று அதில் போட இடமில்லை.

மகன் சென்ட் மணக்க உள்ளே வந்தான்.

"என்னம்மா, தாத்தா ரெடியா? தலைவர் வந்தாச்சு."

"மூச்சு வரலடா."

"இப்பதானே பேசினார்?"

"பேசுறார். மூச்சுதான் வரல."

"உனக்குத் தூக்கம் பத்தலம்மா." சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பைத் தாத்தாவின் மார்பில் வைத்தான். விலாவில் வைத்தான். மறுபடி மார்பில். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

கூடத்தில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. நீண்ட ஆயுள் சங்கத் தலைவரை இரண்டு பேர் நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும்; அவர் "முதுமை மனசுலதான் இருக்கு!" என்று இரைக்க இரைக்க முழங்கினார். "அய்யா இருநூறைத் தாண்டணும்! நாமும் கூடவே வரணும்!"

கைதட்டல்.

"போதும்மா," என்றது கட்டில்.

மகன் குழலைத் தாத்தாவின் மார்பிலிருந்து எடுத்தான். "தாத்தாவுக்கு என்னம்மா குடுக்கிறே?"

"பால்தான். ரெண்டு மடக்கு குடிப்பார். மிச்சத்தைக் கொட்ட மனசு வராது, நானே குடிச்சிடுவேன்."

"எத்தனை நாளா?"

"உங்கப்பா போனதுலேருந்து."

அவன் குழலை அவள் மார்பில் வைத்தான். இடம் மாற்றிக் கேட்டான். பிறகு தோளைத் தளர்த்திப் பெரிதாகச் சிரித்தான். "சே, பயமுறுத்திட்டியே! இதுதான் கெட்டுப்போச்சும்மா. உனக்கும்தான் ஒண்ணும் கேக்கல."

அவள் சிரிக்கவில்லை. போன வாரம் கத்தி விரலைக் கிழித்தபோது ரத்தம் வரவில்லை. வயசானால் சுண்டிவிடும்போல என்று எண்ணிக்கொண்டு மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்திருந்தாள்.

"உன் நெஞ்சுல வச்சுப் பாரு."

வைத்தான்.

அங்கே துடித்திருக்க வேண்டும். அவன் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிறம் வெளுத்தது. கண் அவள்மேல் நிலைத்தது. பெற்றவளைப் பார்க்கிற கண் இல்லை அது. ஓரடி பின்னால் போனான். இன்னும் ஓரடி.

"இதோ வந்துடறேம்மா."

கதவைச் சாத்தினான். வெளித்தாழ்ப்பாள் விழுந்தது.

சற்றைக்கெல்லாம் ஒலிபெருக்கியில் அவன் குரல்: "ஒரு நல்ல செய்தி... எங்க குடும்பத்தோட ஆயுள்... அம்மாவுக்கும் வந்தாச்சு!"

கைதட்டல். நீண்ட கைதட்டல்.

அறையில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கால் கடுத்தது. இதயம் நின்ற பிறகும் அலுப்பு மட்டும் அப்படியே இருந்தது. மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். பிடித்தபடியே நின்றாள். விட வேண்டும் என்றே தோன்றவில்லை.

கட்டில் முனகியது.

பத்து வருஷமாக அவராகப் புரண்டு படுத்ததில்லை. அவள்தான் புரட்டுவாள்.

இப்போது நகர்ந்தார்.

கண்ணை அவளிடமிருந்து எடுக்காமல். தானாக. சுவரோரமாக. இன்னும் கொஞ்சம்.

ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு.